6, 9, 13 வயது: வரலாற்றுக்கு ஒரே புத்தகமா, ஆளுக்கொன்றா?

மூவரம்மா

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர ஆரம்பித்து இது இரண்டாவது வருடம். கணக்கும் மொழியும் எப்படியோ ஓடுகின்றன. வரலாறுதான் என்னைப் படுத்துகிறது.

மூத்தவளுக்கு 13, நடுவில் உள்ளவனுக்கு 9, சின்னவளுக்கு 6. அவரவர் வயதுக்கு ஏற்ற புத்தகம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். இப்போது மூத்தவள் 1789-இல் பாஸ்டில் சிறையை உடைத்துக்கொண்டிருக்கிறாள், நடுவிலவன் ரோமில் சீசரோடு நிற்கிறான், சின்னவள் குகைக்குள் நெருப்பு மூட்டுகிறாள். மூன்று பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து எழுந்தால் காலைப்பொழுது முடிந்துவிடுகிறது. நேற்று நடுவிலவன், "சீசர் தலையை வெட்டினது யாரு?" என்று கேட்டான். எனக்கே ஒரு நொடி குழம்பிவிட்டது. (வெட்டுப்பட்டது பதினாறாம் லூயி. சீசருக்குக் கத்திக்குத்து. தெரியும், அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.)

ஒரே புத்தகத்தை மூவருக்கும் வாசித்தும் பார்த்தேன். ஒரு வாரம்தான். எளிய புத்தகம் என்றால் மூத்தவள் "இது பாப்பா புக்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெரிய புத்தகத்தை எடுத்தால் சின்னவள் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தூக்கம்போச்சு

தீர்வு என்னிடம் இல்லை, துணைக்கு வந்திருக்கிறேன். எனக்கு 7, 10, கூடவே ஒரு கைக்குழந்தை. எங்கள் வீட்டில் வரலாறு என்பது கைக்குழந்தை தூங்கும் 40 நிமிடம். அதில் இரண்டு யுகங்களைத் தாண்டியாக வேண்டும். யார் என்ன சொன்னாலும் குறித்துக்கொள்கிறேன்.

பழைய வாத்தியார்

அம்மா, முப்பது வருடம் வகுப்பறையில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன், இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பறையில் எனக்குக் கிடைத்த வசதி, எல்லாருக்கும் ஒரே வயது. அந்த வசதி உங்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது வயதில் இல்லை. மூன்று வேறு காலங்களில் ஒரே நேரத்தில் நிற்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

புத்தகத்தை ஒன்றாக்க வேண்டாம். காலத்தை ஒன்றாக்குங்கள். மூவரும் ரோமில் இருக்கட்டும். அவரவர் கையில் அவரவர் புத்தகம் இருக்கட்டும்.

ஒரே விஷயத்தை வயதுக்குத் தக்கபடி எப்படி மாற்றிச் சொல்வது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் நேரு. 1928 கோடையில் தன் பத்து வயது மகளுக்கு 30 கடிதங்கள் எழுதினார். ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார், அது எப்படி உருண்டை ஆயிற்று என்று தொடங்கி, மனிதன் எப்படி வந்தான், மொழி எப்படி உண்டாயிற்று என்று போகும். அதே மகளின் 13-வது பிறந்தநாளுக்கு, 1930 அக்டோபரில், நைனி சிறையிலிருந்து அடுத்த வரிசையைத் தொடங்கினார். 1933 ஆகஸ்டில் அது முடிந்தபோது 196 கடிதங்கள் சேர்ந்திருந்தன. அதில் பேரரசுகள், புரட்சிகள், 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சி வரை எல்லாம் வருகிறது. எழுதியவரும் ஒருவர்தான், படித்தவளும் ஒருத்திதான். நடுவே இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கே அவர் முழுக்க வேறு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் 6-க்கும் 13-க்கும் நடுவே ஏழு வருடம். ஒரே புத்தகம் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

அதனால் மூத்தவள் முகத்தைத் திருப்பியதில் தப்பே இல்லை.

மூவரம்மா

ஐயா, படித்ததும் பாதி பாரம் இறங்கியது போல இருந்தது. ஆனால் எல்லாரும் ரோமில் இருந்தாலும் மூன்று புத்தகத்தையும் நான்தானே வாசிக்க வேண்டும்? நேரம் எங்கே மிச்சமாகிறது? யாராவது ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நூலகப்பூனை

எங்களுக்கு 5, 8, 12. மூன்று வருடமாக இப்படித்தான்.

சத்தமாக வாசிப்பது ஒரே ஒரு புத்தகம். அதை நாங்கள் மையப் புத்தகம் என்கிறோம். உலகம் முழுவதையும் கால வரிசையில் கதைபோலச் சொல்லும் புத்தகமாக இருக்க வேண்டும். யாருடைய வயதுக்கு அதை எடுப்பது என்பதில்தான் நான் முதல் வருடம் தப்புச் செய்தேன். சின்னவனுக்காக எடுத்தேன், எல்லாருக்கும் சலித்தது. இப்போது நடுப்பிள்ளைக்குச் சற்று மேலே எடுக்கிறேன். தானாகப் படிக்கும் மட்டத்தைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் மட்டம் பிள்ளைகளுக்கு எப்போதும் உயரம். சின்னவன் பாதியைப் பிடித்துக்கொள்வான், மீதி அவன் தலைக்கு மேல் போகும், போகட்டும். கையில் ஒட்டுக் களிமண்ணோ வண்ணமோ கொடுத்துவிட்டால் மேசைக்கு அடியில் போக மாட்டான். போனாலும் காது மேலேதான் இருக்கும்.

ஒரு வாரம் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். சென்ற மாதம் வெசுவியஸ் எரிமலை வந்தது, கி.பி. 79. திங்களன்று மையப் புத்தகத்தில் அந்த அத்தியாயம், நால்வருமாக. இருபது நிமிடம். அப்புறம் அவரவர் புத்தகத்துக்குப் பிரிந்துவிடுவோம். சின்னவனுக்கு, அந்த எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரின் படப் புத்தகம்: தெரு, குளியலறை, சுவர்ச் சித்திரம், கருகிக் கல்லாகிப்போன ரொட்டி. அந்த ரொட்டிப் படத்தை அவன் பத்து முறை பார்த்தான். எட்டு வயதுக்காரி ரோமானிய நகர வாழ்க்கை பற்றி ஒரு சிறு புத்தகம் தானே படித்தாள். பெரியவனுக்கு நான் கொடுத்தது புத்தகமே இல்லை, இரண்டு கடிதங்கள். பிளினி என்ற ரோமானியர், டாசிட்டஸ் என்ற வரலாற்று ஆசிரியருக்கு எழுதியவை. எரிமலை வெடித்தபோது பிளினிக்கு வயது 17. மாமா கப்பலை எடுத்துக்கொண்டு மக்களைக் காப்பாற்றப் போகிறார், திரும்பி வரவே இல்லை. இவனோ அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருக்கிறான். நிலம் ஆடுகிறது, லிவி என்ற வரலாற்று ஆசிரியரின் நூலைக் கொண்டுவரச் சொல்லிக் குறிப்பெடுக்கிறான். என் பெரியவன் அதைப் படித்துவிட்டு, "இவனுக்கும் அம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருப்பாங்க போல" என்றான். அன்று முதல் பிளினி எங்கள் வீட்டு ஆள்.

வெள்ளிக்கிழமை நான் எதுவும் வாசிப்பதில்லை. மூவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் படித்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியவன் அன்று ஒரு குண்டைப் போட்டான். வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான் மையப் புத்தகத்தில் இருந்தது, கடிதத்தின் பழைய பிரதிகளிலிருந்து வந்த தேதி அது. ஆனால் 2018-இல் பாம்பேய் வீடொன்றில் கரியால் சுவரில் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது, அதில் அக்டோபர் 17-க்குச் சமமான தேதி இருக்கிறது. ஆகஸ்டில் புதைந்த ஊரில் அக்டோபரில் யார் கிறுக்குவார்கள்? கரிக் கிறுக்கல் நெடுநாள் நிற்காது என்பதால் அது அந்த வருடத்ததாகத்தான் இருக்கும் என்கிறார்கள். எட்டு வயதுக்காரி உடனே பென்சிலை எடுத்து மையப் புத்தகத்தில் ஆகஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். நூலகப் புத்தகம் அது. ரப்பர் வைத்து அழித்தது நான்.

நேரக் கணக்கு: என்னுடையது வாரத்துக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம். மீதி அவர்களுடையது.

எதிர்க்கரை

ஒரு மாற்றுக் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த "எல்லாரும் ஒரே காலம்" முறையை இரண்டு வருடம் பிடிவாதமாகச் செய்தோம். என் பெரியவனுக்கு அப்போது 14. இரண்டாம் உலகப் போர் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தான். தம்பிக்காக அவனையும் சுமேரியாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். படித்தான், ஆனால் உயிரில்லாமல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போர் பற்றிப் படிப்பதையும் விட்டுவிட்டான். அந்த ஆர்வத்தை நான்தான் அணைத்தேன் என்று இன்றும் உறுத்துகிறது.

12 வயதுக்கு மேல் பிள்ளைக்கு ஒரு பித்துப் பிடித்தால் அதை விடுங்கள், அதன் போக்கில் போகட்டும். தம்பி தங்கைகளுக்கு வெள்ளிக்கிழமை வந்து எதையாவது சொன்னால் போதும். அம்மாவின் வசதிக்காகப் பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது.

தூக்கம்போச்சு

அம்மாவின் வசதியும் ஒரு காரணம்தானே ஐயா. அம்மா விழுந்துவிட்டால் சுமேரியாவும் இல்லை, போரும் இல்லை.

எதிர்க்கரை

ஐயா இல்லை, அம்மாதான். :) நீங்கள் சொல்வது சரி. நான் சொல்ல வந்தது மூத்த பிள்ளைக்கு மட்டும்.

பழைய வாத்தியார்

எதிர்க்கரை சொல்வதை நான் பாதி ஏற்கிறேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டில் சொல்லித்தருபவர்கள் பலர் வரலாற்றை நான்கு வருடச் சுற்றாகப் பிரிக்கிறார்கள்: பண்டைக் காலம், இடைக்காலம், அதன் பின் சுமார் 1850 வரை, அப்புறம் நவீன காலம். மூவரம்மா இந்த வருடம் பண்டைக் காலத்தில் தொடங்கினால், நான்காம் வருடம் நவீன காலத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு 9, 12, 16. சின்னவளுக்கு இதே சுற்று இன்னும் இரண்டு முறை வரும். மூத்தவளுக்கு இதுதான் முதலும் கடைசியும்.

ஆகவே எங்கே தொடங்குவது என்பதை மூத்தவளை வைத்து முடிவு செய்யுங்கள், சின்னவளை வைத்து அல்ல. மூத்தவள் ஏற்கனவே பிரெஞ்சுப் புரட்சிவரை வந்துவிட்டாள் என்றால் அவளை மறுபடி குகைக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. மற்ற இருவரும் 1789-க்கு வரட்டும். ஆறு வயதில் பண்டைக் காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அந்த வயதில் அவளுக்கு எல்லாமே "முன்னொரு காலத்தில்" தான். பிரமிடும், புரட்சியில் தலை வெட்டிய கில்லட்டினும் ஒரே தூரம்.

கணக்குப்பிள்ளை

அந்தத் தூரத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். வீட்டில் புத்தகம் எடுக்கும் வேலை மனைவியுடையது, சுவர் என்னுடையது.

ஒரு நீளமான காகிதச் சுருள் எடுங்கள். 1 வருடம் = 1 மில்லிமீட்டர். 100 வருடம் 10 சென்டிமீட்டர். எழுத்து பிறந்தது சுமார் 5,200 வருடத்துக்கு முன் என்று வைத்தால் 5 மீட்டரும் கொஞ்சமும் போதும், ஒரு நடைவழிச் சுவரில் அடங்கிவிடும். மூன்று பிள்ளைகளும் மூன்று நிறத்தில் அவரவர் படித்ததை அதே சுருளில் குறிக்க வேண்டும். புத்தகங்களை இணைப்பது என்கிறீர்களே, எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்வது இந்தச் சுருள்தான். வேறு எந்தப் பாடத்திட்டமும் இல்லை.

முதல் நாள் சின்னவனிடம் அவன் ஆயுளை வரையச் சொன்னேன். ஆறு மில்லிமீட்டர். விரல் நகத்தை வைத்துப் பார்த்தான், நகத்தைவிடச் சிறிசு. அப்புறம் பெரிய பிரமிடு, சுமார் கி.மு. 2560. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. நடுவே இரண்டரை மீட்டர். கிளியோபாட்ராவிலிருந்து 1969-இல் நிலாவில் இறங்கியதுவரை அளந்தால் 2 மீட்டர்கூட நிறையவில்லை. "கிளியோபாட்ரா பிரமிடைவிட நிலாவுக்குத்தான் பக்கம்" என்று சொல்லிவிட்டு மகன் மறுபடி அளந்தான், நம்பாமல்.

ஒரு எச்சரிக்கை. கி.மு. 1-க்கு அடுத்த வருடம் கி.பி. 1. பூஜ்ஜிய வருடம் கிடையாது. நான் நடுவில் 0 என்று ஒரு கோடு போட்டுவிட்டேன், மகள் கண்டுபிடித்தாள். இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கடைசி 20 சென்டிமீட்டரில் இடமே இருக்காது. 1800-க்குப் பிறகு தனிச் சுருள், 1 வருடம் = 1 சென்டிமீட்டர்.

நூலகப்பூனை

கணக்குப்பிள்ளை, இதை இன்றே செய்கிறேன். எங்கள் காலக்கோடு ஒரு நோட்டில் இருக்கிறது, பக்கம் திருப்பினால் முந்தையது மறந்துபோகிறது.

கணக்குப்பிள்ளை

நோட்டில் பக்கவாட்டு உறவு தெரியாது. சுருளில் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010. வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணி 1021 என்று வருடத்தையே சொல்லிவிட்டார்கள். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசின் மேல் படையெடுத்துப் போனது 1025. அல்-பிரூனி என்ற அறிஞர் இந்தியாவைப் பற்றி எழுதி முடித்தது 1030 வாக்கில். சீனாவில் பி ஷெங் களிமண்ணில் தனித்தனி அச்செழுத்து செய்தது 1040-களில். ஐந்தும் நான்கு சென்டிமீட்டருக்குள். இவை ஐந்தும் ஒரே புத்தகத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகள் படித்த மூன்று புத்தகங்களிலிருந்து வந்து அந்த இடத்தில் மூன்று நிறமாக மோதின.

சிக்கனம்

நடுவே ஒரு கேள்வி. காப்புரிமை முடிந்த பழைய வரலாற்றுப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு வருடப் பழசு. நடை அருமையாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு நேராகப் பேசுவதுபோல. மையப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாமா?

நூலகப்பூனை

நடையில் ஏமாறாதீர்கள். அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள்.

1822-இல் ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் பண்டை எகிப்திய எழுத்தின் புதிரை உடைத்தார். அதற்கு முன் எழுதியவர்களுக்கு எகிப்து வாய் திறக்கவில்லை. சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல். ஆகவே அதற்கு முந்தைய எந்த உலக வரலாற்றிலும் அப்படி ஒரு நாகரிகமே கிடையாது. குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை முதன்முதலில், 1922-இல், வாங்கியது ஹென்ட்ரிக் வான் லூன் எழுதிய மனித குல வரலாறுதான். நல்ல புத்தகம். ஆனால் 1921-இல் வந்த அதன் முதல் பதிப்பில் மொகஞ்சதாரோவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சீனத்துச் சுடுமண் வீரர்கள் 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ணில் பட்டவர்கள். கீஸாவில் பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990-இல் கிடைத்தன. அரசனின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே அவர்களை மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். சாட்டையடி வாங்கும் அடிமைகள் கட்டினார்கள் என்று படம் போடும் புத்தகங்கள் இன்றும் புதிதாக அச்சாகி வருகின்றன, அது வேறு விஷயம்.

படப் புத்தகத்துக்கு எனக்கு இன்னொரு சோதனை உண்டு. வைக்கிங் தலையில் கொம்பு வைத்த கவசம் இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுவேன். அந்தக் கொம்பு 1876-இல் வாக்னர் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடையிலிருந்து பரவியது. நிஜ வைக்கிங் கொம்போடு திரிந்ததற்கு ஆதாரம் இல்லை. படம் வரைந்தவர் அதைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை என்றால் மற்றதை என்ன பார்த்திருப்பார்?

சற்றுப் பெரிய புத்தகம் என்றால் 1492-ஐத் திறப்பேன். கொலம்பஸ் இறங்கிய தீவில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்களே, அவர்களுக்கு ஒரு பெயராவது இருக்கிறதா? தைனோ என்ற சொல் அந்தப் பக்கத்தில் இருந்தால் மேலே படிப்பேன்.

பழையசுவடி

பழைய புத்தகங்களின் சார்பில் ஒருவர் பேச வேண்டாமா? நான் பேசுகிறேன்.

தப்பே இல்லாத புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும். சின்னவர்களுக்குப் புதுப் புத்தகம், ஒத்துக்கொள்கிறேன். அவர்களால் திருத்திப் படிக்க முடியாது. ஆனால் 12, 13 வயதுக்குப் பழைய புத்தகம் ஒன்றும் புதுப் புத்தகம் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள், ஒரே அத்தியாயத்துக்கு. எதை விட்டிருக்கிறார், எதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறார், யாரைக் காட்டுமிராண்டி என்கிறார் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். மங்கோலியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தில் 1258-இல் பாக்தாத் எரிவது மட்டும் இருக்கும். இன்னொன்றில் குதிரை மாற்றி மாற்றிச் செய்தி கொண்டுபோன அஞ்சல் நிலையங்களும் வணிகப் பாதையும் இருக்கும். இரண்டும் நடந்தவை. எந்த ஒரு புத்தகமும் தனியாக இருந்தால் அது சொல்வதுதான் வரலாறு என்று பிள்ளை நினைத்துவிடும்.

இதற்கு ஒரே புத்தகத்துக்குள் கிடைக்கும் அபூர்வமான உதாரணம் கோம்பிரிக். 1935-இல் வியன்னாவில், வேலை இல்லாத 26 வயது இளைஞராக, ஆறு வாரத்தில் குழந்தைகளுக்கு உலக வரலாறு எழுதினார். பல பத்து வருடம் கழித்துக் கடைசி அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார். அதில் முதல் உலகப் போர் முடிந்த விதம் பற்றித் தான் முன்பு எழுதியது சரியில்லை என்று தானே சொல்கிறார். அமெரிக்க அதிபர் வில்சனின் வாக்குறுதியை நம்பித்தான் ஜெர்மனி ஆயுதத்தைக் கீழே போட்டது என்று இளம் வயதில் நம்பி எழுதியிருந்தார். தோற்றுவிட்டோம் என்று ஜெர்மானியத் தலைமைக்கு முன்பே தெரியும் என்பதைப் பின்னால்தான் அறிந்துகொண்டார். அந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்து என் மகளிடம் கொடுத்தேன். "அப்போ இந்தப் புக்ல வேற என்னெல்லாம் தப்பு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் கொடுத்தேன்.

சிக்கனம்

சரி, பழசு பெரியவனுக்கு, புதுசு சின்னவளுக்கு. நான் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.

நடுநிசி

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே காலம் என்பதில் ஒரு குழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

நவீன காலத்துக்கு வந்தபோது எங்கள் சின்னவனுக்கு 8. அக்காவுக்கு வாசித்த ஹிரோஷிமா அத்தியாயத்தை அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஏதோ கார் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பத்து நாள் இரவு விளக்கை அணைக்க விடவில்லை. காது மேலேதான் இருக்கும் என்று நூலகப்பூனை சொன்னது ரொம்பச் சரி, ஆனால் அது இந்தப் பக்கமும் வேலை செய்யும்.

பழைய வாத்தியார்

இது முக்கியமான விஷயம். மேசையில் எல்லாரும் கேட்கப் படிப்பது ஒன்று, மூத்தவர்கள் அறைக்கு எடுத்துப்போய்ப் படிப்பது வேறொன்று. நவீன காலத்தில் இந்தக் கோட்டை நீங்கள் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். அத்தியாயத்தை முதல் நாளே நீங்கள் ஒருமுறை படித்துவிடுவது தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒளிக்கச் சொல்லவில்லை. ஹிரோஷிமாவைச் சிறுவர்களுக்கு சடாகோ என்ற ஜப்பானியச் சிறுமி வழியாகச் சொல்லலாம். குண்டு விழுந்தபோது இரண்டு வயது, 1955-இல் 12 வயதில் நோயால் இறந்தாள், படுக்கையில் காகிதக் கொக்கு மடித்தாள். சோகம்தான், ஆனால் ஒரு குழந்தையின் அளவில் இருக்கிறது. 13 வயதுக்கு, நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, அவளுக்கும் அந்த நோட்டு கிடைத்தது 13-வது பிறந்தநாளில்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் என்ற கணக்கை மூத்த பிள்ளை கழித்துப் பார்க்கட்டும். ஆறு வயதுக்கு அந்த எண் வேண்டாம். தப்பி ஓடி விடுதலை பெற்ற ஒருவரின் கதை போதும்.

தூக்கம்போச்சு

கதைப் புத்தகங்களைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. என் 10 வயதுக்காரி சரித்திரக் கதை என்றால் விழுந்து விழுந்து படிக்கிறாள். ஆனால் கதாநாயகன் நிஜமாகவே இருந்தான் என்று நம்புகிறாள்.

பழைய வாத்தியார்

படிக்கட்டும். அந்தக் காலத்து வாசனை கதையில்தான் ஏறும். முடித்ததும் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் "நடந்தது", மறு பக்கம் "எழுதியவர் சேர்த்தது" என்று போட்டு நிரப்பச் சொல்லுங்கள். மையப் புத்தகத்தில் தேடித்தான் நிரப்ப வேண்டும். அந்தப் பாடப் புத்தகத்தை அவள் தானாகத் திறக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மூவரம்மா

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி மூத்தவளுக்காக எல்லாரையும் 1789-க்குக் கொண்டுவரப் பார்த்தேன். நடக்கவில்லை. நடுவிலவன் ரோமை விட்டு வர மறுத்துவிட்டான். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு மூத்தவளே, "நான் பழங்காலத்துக்கு வரேன், ஆனா எனக்குப் பாப்பா புக் வேண்டாம், நிஜ ஆளுங்க எழுதினது வேணும்" என்றாள். எகிப்திலிருந்து ஆரம்பித்தோம். அவளுக்குப் பண்டைக் கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸிலிருந்து பிரமிடு பற்றிய பகுதி. பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகத்தையும் எடுத்து வைக்கவில்லை, சாயங்காலம் அவள் இஷ்டத்துக்குப் படிக்கிறாள், நான் அதில் தலையிடுவதில்லை. எதிர்க்கரை, இது உங்களுக்காக.

மையப் புத்தகம் நடுவிலவனுக்குச் சற்று மேலே. வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் சின்னவளிடம் வந்தால் இருபது நிமிடம் ஆகிறது, பாதி அவளே இட்டுக்கட்டியது.

வேலை செய்யாதது: சுருளை வரவேற்பறையில் தாழ்வாக மாட்டினேன். சின்னவள் கி.மு. 1500 முழுக்கப் பூனை வரைந்துவிட்டாள். எகிப்தில் பூனை இருந்தது என்கிறாள், மறுக்க முடியவில்லை.

நேற்று நடந்த சண்டையைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. சின்னவளின் படப் புத்தகத்தில் பிரமிடுக்குக் கல் இழுக்கும் அடிமைகள், பின்னால் ஒருவன் சாட்டையோடு. மூத்தவள் பார்த்துவிட்டாள். "1990-லயே கல்லறை கிடைச்சாச்சு, இது தப்பு" என்று அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனாள். ஹெரோடோட்டஸ்கூட ஒரு லட்சம் பேர் மூன்று மாதம் மூன்று மாதமாக முறை வைத்து வேலை செய்தார்கள் என்றுதான் சொல்கிறாராம், சாட்டை பற்றிச் சொல்லவில்லையாம். சின்னவள் அந்தச் சாட்டைக்காரனுக்கு ஏற்கனவே பச்சைச் சட்டை தீட்டி வைத்திருந்தாள். விடுவாளா? ஒரே அழுகை.

நடுவிலவன்தான் வழி சொன்னான். மஞ்சள் காகிதத்தில் வட்டமாக ஒரு ரொட்டி வெட்டிச் சாட்டையின் மேல் ஒட்டினான். இப்போது அந்த ஆள் எல்லாருக்கும் சாப்பாடு கொண்டு வருகிறான். கூலியாக ரொட்டி கொடுத்தார்கள் என்று அவன் புத்தகத்தில் இருக்கிறதாம்.

நூலகப்பூனை

அது நூலகப் புத்தகம் இல்லையே?

மூவரம்மா

நல்லவேளை, சொந்தப் புத்தகம்.